நூல் கட்டிய சுருள்கள்

பானை மேலிருந்த ஆற்றுக்கல்லைத் தூக்கியதும் புளித்த முட்டைக்கோஸ் நெடி நாஸிக்கின் முகத்தில் அறைந்தது. அம்மா ஷோகெர் சாவதற்கு முந்தைய நாள் சுருட்டி, தட்டைக் கவிழ்த்துக் கல்லையும் ஏற்றி, பால்கனிப் பனியில் விட்டுப்போன தோல்மா. முட்டைக்கோஸ் இலைச் சுருளுக்குள் ஏழு வகைப் பருப்பும் தானியமும். தவக்காலத்துக்கான பண்டம், இறைச்சி ஆகாது.

பக்கத்தில் ஒரு சின்னப் பானை. அதிலிருந்த சுருள்களில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. உள்ளே மாட்டிறைச்சி, அப்பாவுக்கு. தவக்காலமானாலும் இறைச்சி இல்லாத தட்டை அவர் தள்ளிவிடுவார். "புல்லை மாடு தின்னட்டும்" என்பார். விரதமிருந்த கையாலேயே அம்மா அதைப் பிசைவாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், மாறிவிடாமல் நூல் கட்டுவாள். பிறகு தோல் சிவக்கும்வரை கை கழுவுவாள்.

அப்பாவின் தங்கை வார்சேனிக் எட்டிப் பார்த்தாள்.

"அடியே, அந்தச் சின்னதை ஒளிச்சு வைடி. பாதிரியார் பந்தியில உக்காந்திருக்காரு. மானம் போயிடும்."

"யாரு மானம் அத்தை?"

"புதைச்சுட்டு வந்த ஈரம் காயல, அதுக்குள்ள வாயா?"

நாஸிக் இரண்டு பானையையும் அடுப்பில் ஏற்றினாள்.

தோல்மா வெந்து பெரிய பானை பந்திக்குப் போனது. அப்பா மிசாக் சாராயக் கோப்பையோடு எழுந்து நின்றார். மோவாயில் எண்ணெய் வழிந்தது. முதல் முறையாக அவர் பருப்புத் தோல்மாவை மென்றுகொண்டிருந்தார்.

"நாப்பது வருஷம் சாமி! தவக்காலம்னா இந்த வீட்டுல இறைச்சி வாடையே கிடையாது. அவளும் நானும் ஒண்ணா விரதம். என்ன கை மணம் அவளுக்கு!"

"கடவுள் அவ ஆன்மாவுக்கு ஒளி தரட்டும்" என்றார்கள் எல்லோரும். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பெற்ற தகப்பன்தான், ஆனாலும் நாஸிக்குக்கு அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திரும்பி வந்து வைத்தபோது தட்டில் மூன்று சுருள்கள் இருந்தன.

"சாப்பிடுங்கப்பா. அம்மா உங்களுக்குன்னே தனியா சுருட்டி வெச்சது."

வெள்ளை நூலைப் பார்த்ததும் மிசாக்கின் கழுத்து சிவந்தது. மகளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் நகரவில்லை. வார்சேனிக் குனிந்து மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரில் இருந்த பாதிரியார் அன்பாகச் சொன்னார்: "சாப்பிடுங்க மிசாக். அந்தக் கைச் சமையல் இனிமே கிடைக்குமா?"

அவர் சாப்பிட்டார். எந்தச் சுருளையும் வெட்டவில்லை. வெட்டினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். முழுசு முழுசாக வாயில் திணித்து, கண்ணில் நீர் முட்ட விழுங்கினார். பாவம், பெண்டாட்டி நினைப்பு என்றாள் ஒருத்தி.

நாஸிக் தட்டைக் கழுவ எடுத்துப் போனாள். அதில் நூல் ஒன்றுகூட இல்லை. வாசலில் அப்பா வலது கையால் பாதிரியாரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். இடது கை இறுக மூடியிருந்தது.