சோனாவின் இரண்டு பெட்டிகள்

மாதா திருநாள் கச்சேரி முடிந்து சோனா கிடாரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் அம்மா இருதயம்மாள் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"ஏன் புள்ள, இன்னிக்கு ஏன் சும்மா நின்னே?"

"சும்மா நின்னேனா? எல்லாப் பாட்டுக்கும் வாசிச்சேனேம்மா."

"கை ஆடுச்சு. சத்தம் வரல."

இருதயம்மாளுக்குக் காது பாதிதான். தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து இருந்து, மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது. மணியோசையும் குழந்தைகள் பேச்சும் கேட்காது. லாரி உறுமினால் கேட்கும், இடி கேட்கும், மகள் வாசிக்கும் பேஸ் கிடார் கேட்கும். அதனால் அம்மா சொன்னதைச் சோனா சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அவள் வாசித்தது அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. மைதானத்தில் என்ன கேட்டது?

அன்றைக்கே ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிபியின் தங்கை போனில் எடுத்த வீடியோவை வாங்கி, ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டாள். பேண்டுத் தலைவன் ரிஜின் அண்ணனின் குரல் இருந்தது. கீபோர்டு இருந்தது, ட்ரம்ஸ் இருந்தது. பாட்டுக்கு அடியில் நின்று அத்தனையையும் தாங்க வேண்டிய பேஸ் ஒரு பாட்டில்கூட இல்லை. மேடையில் அவள் தலையை ஆட்டி ஆட்டி, கண்ணை மூடி, உருகி வாசித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் காலையில் சவுண்டு ஷைஜு தன் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கே போனாள். எஸ்டேட்டில் எந்த விழா என்றாலும் மைக்கும் ஸ்பீக்கரும் அவனுடையதுதான்.

"ஷைஜு அண்ணே, நேத்து மிக்ஸர்ல என் சேனலை ஏன் ஆஃப் பண்ணிட்டீங்க?"

அவன் மறுக்கவில்லை. "போன வருஷம் உன் பேஸைப் போட்டதும் மைக்கெல்லாம் முழங்குச்சு. ஜனங்க பாட்டுக் கேக்கணுமா, உன் டும்டும்மைக் கேக்கணுமா?"

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ வாசிக்க மாட்டே. மேடையில ஒரு பொம்பளப் புள்ள நிக்கிது, பாக்க நல்லாருக்கு. அது போதும்லா?"

"போதாது" என்றாள் சோனா. வீட்டுக்கு ஏறிப் போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். இனி தன் சத்தம் அவன் விரலுக்கு அடியில் இருக்காது. கிடார் சத்தத்தைப் பெருக்கச் சொந்த ஆம்ப், சொந்த ஸ்பீக்கர் பெட்டி. வண்டிப்பெரியாறில் இன்வெர்ட்டரும் மோட்டாரும் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருந்தது அதற்குப் போதும்.

பாலக்காட்டில் ஃபஸீலா என்பவள் பழைய ஆம்புகளையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் வாங்கிச் சரிசெய்து விற்றாள். அவள் வாப்பா மொய்தீன் தொடங்கிய கடை. இசைக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் பழக்கமாகி இருவரும் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். பீர்மேட்டுக் கடைகளுக்குத் தேங்காய் கொண்டுவரும் அழகுமலை அண்ணன் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்குப் பிக்கப் எடுத்துப் போகிற நாளாகப் பார்த்து, சோனா கிடாரோடு அதில் ஏறிக்கொண்டாள். அவர் தோப்புக்குப் போகும் வழியில் அவளைக் கடை வாசலில் இறக்கிவிட்டார்.

கடையில் முதலில் எதிர்ப்பட்டது ஃபஸீலாவின் தம்பி ஷஹீர். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு பெட்டியை இழுத்துப் போட்டான்.

"இதெடுத்துக்கோங்க. ஆம்பும் ஸ்பீக்கரும் ஒண்ணாவே இருக்கும். லேடீஸுக்குத் தூக்க எளுப்பமா இருக்குமுங்க."

"நான் ரூமுக்குள்ள உக்காந்து வாசிக்க வரலீங்க. சுவரே இல்லாத மைதானம். பக்கத்துல ட்ரம்ஸ். இது ரெண்டாவது பாட்டுலயே மூச்சு வாங்கும்."

உள்ளேயிருந்து ஃபஸீலா சிரித்துக்கொண்டே வந்தாள். "அவனை விடு. நீ கேட்ட ஹெட் எடுத்து வெச்சிருக்கேன், வா."

ஹெட் என்பது ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப். புத்தகப் பை அளவுதான் இருந்தது, ஆனால் ஐந்நூறு வாட். அதைப் பற்றிச் சோனாவுக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி, அதோடு எந்தப் பெட்டியைச் சேர்ப்பது என்பதுதான். அவள் மனசில் வெகுநாளாக ஒரு படம் இருந்தது: பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு இருக்கும் பெட்டி மேலே, பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று இருக்கும் பெட்டி கீழே. பெரிய மேடைகளில் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

ஷஹீர் இரண்டையும் அடுக்கினான். வயரை மாட்டுவதற்கு முன் சோனா பெட்டிகளின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். மேலே உள்ளது எட்டு ஓம்ஸ், கீழே உள்ளது நாலு. ஓம்ஸ் என்பது பெட்டி மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடை. ஒரே ஆம்பில் இரண்டு பெட்டிகளைப் பக்கம் பக்கமாக மாட்டினால் மொத்தத் தடை கூடாது, குறையும். குறையக் குறைய ஆம்ப் கூடுதலாக உழைத்துச் சூடாகும்.

"ரெண்டும் சேர்ந்தா மூணுகூட வராது. இந்த ஹெட் நாலுக்குக் கீழ தாங்காதே" என்றாள்.

"எத்தனை பேர் இப்படி ஓட்டறாங்க. ஒண்ணும் ஆவாதுங்க."

"ஆகிற அன்னிக்கு மேடையில நிக்கிறது நானாச்சே."

ஃபஸீலா போய் எட்டு ஓம்ஸில் வேறொரு பதினைந்து இஞ்ச் பெட்டியை உருட்டி வந்தாள். எட்டும் எட்டும் சேர்ந்தால் நாலு, ஆம்புக்குச் சரி. சோனா ஒரு கம்பியை மீட்டினாள். கடையே அதிர்ந்தது. கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. ஷஹீர் முகம் மலர்ந்தது. சோனாவுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

"இங்க நின்னு கேட்டு முடிவு பண்ணாதே" என்றாள் ஃபஸீலா. "உன் ஆளுங்க தூரத்துலதானே நிப்பாங்க? நான் தட்டறேன், நீ ரோட்டைத் தாண்டிப் போ."

சோனா ரோட்டைத் தாண்டி, பழக்கடை ஓரத்தில் நின்று கேட்டாள். அங்கே வந்து சேர்ந்தது வெறும் உறுமல். ஃபஸீலா ஸ்வரம் மாற்றுகிறாள் என்பது அவள் விரலைப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு குரலில் பேசி, ஒன்றின் பேச்சை மற்றது குழப்பிக்கொண்டிருந்தன. வெகுநாள் ஆசை அந்தப் பழக்கடை வாசலில் உடைந்தது. அவளுக்கு அழுகைகூட வந்தது.

பிறகு வேறு வேறு ஜோடிகளாக மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் மூலையில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் எட்டு ஓம்ஸ். அவற்றைச் செங்குத்தாக ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தினார்கள். மேல் ஸ்பீக்கர் சரியாகச் சோனாவின் காது உயரத்துக்கு வந்தது. கடைக்குள் முன்னதைவிட அடக்கமாகத்தான் கேட்டது. ஆனால் ரோட்டுக்கு அப்பால், பஸ் போகும் இரைச்சலிலும், ஒவ்வொரு ஸ்வரமும் முழுசாக வந்து சேர்ந்தது.

"இதுதான்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"பதினஞ்சு இஞ்ச் இல்லாம பேஸா? ஊர்ல சிரிப்பாங்க" என்றான் ஷஹீர்.

"சிரிக்கட்டும். கேட்டுட்டுத்தானே சிரிப்பாங்க!"

தேங்காய்க் குவியலுக்கு மேல், தார்ப்பாயில் சுற்றி, இரண்டு பெட்டிகளும் மலையேறின.

டிசம்பரில் கோயில் மைதானத்தில் கிறிஸ்துமஸ் விழா. மூங்கிலும் பலகையும் வைத்து மேடை போட்டிருந்தார்கள். பெட்டிகளோடு சோனா வந்து இறங்கியதைப் பார்த்ததும் ஷைஜு ஓடி வந்தான்.

"இது என்ன கூத்து? என் மேடையில என் பொருள்தான் நிக்கும்."

"உங்க மேடையில வைக்கல."

அவள் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தாள். அடியில் வெற்றிடமாக இருக்கும் பலகை மேடைமேல் பேஸ் பெட்டியை வைத்தால் மேடையே பறைபோல அதிரும். அந்த அதிர்வுதான் மைக்குக்குள் போய் முழங்கும். ஷைஜு முன்பு சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. அதனால் மேடையை ஒட்டியிருந்த கோயில் மண்டபமான பாரிஷ் ஹாலின் சிமென்ட் படிமேல், சுவரோடு சேர்த்துப் பெட்டிகளை நிறுத்தினாள்.

"என் போர்டுல கரண்ட் எடுத்தா ஃபியூஸைப் பிடுங்கிருவேன்" என்றான் ஷைஜு.

ஹால் சாவி செபமாலையம்மாளிடம் இருந்தது. கோயில் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் கதவைத் திறந்துவிட்டு, "கோயில் கரண்டு. ஒருத்தன் வீட்டுச் சொத்தா? மாட்டு புள்ள" என்றாள்.

பனி இறங்க ஆரம்பித்த நேரத்தில் கச்சேரி தொடங்கியது. முதல் பாட்டு பாதியிலேயே வித்தியாசம் தெரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாடுகிறவனை விட்டுவிட்டுச் சோனா பக்கம் திரும்பினார்கள். பின்னால் ஜீப்புகளுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் கால்கள் தாளம் போட்டன. ஷைஜுவுக்குப் பொறுக்கவில்லை. அவள் சத்தத்தை அமுக்க மைக்குகளைக் கூட்டினான். கூட்டியதும் மைக் வீலென்று ஊளையிட்டது. "டேய், காது போச்சுடா" என்று கூட்டம் அவனைப் பார்த்துக் கத்தியது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மேடையேறி வந்தான். விழாக் கமிட்டிச் செயலாளர் பவுல்ராஜும் பின்னாலேயே வந்தார். ஷைஜு சோனாவிடம் பேசவில்லை. பேண்டுத் தலைவன் ரிஜினிடம்தான் பேசினான். "அந்தப் பெட்டி ஓடுற வரைக்கும் என் மைக் ஓடாது. எது வேணும்னு நீயே சொல்லு."

ரிஜின் சோனாவைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். "கொஞ்சம் கொறச்சிரு சோனா. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

"எவ்வளவு கொறைக்கணும் அண்ணே? கேட்காத அளவுக்கா?"

ரிஜின் மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"மாதா திருநாளுக்கு ஊருக்கு முன்னால என்னைப் பொம்மையா நிறுத்துனாங்க. அது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

ரிஜின் தரையைப் பார்த்தான். தெரிந்திருக்கிறது. ஷைஜு செய்ததைவிட அதுதான் அவளைச் சுட்டது.

"கொறைக்க மாட்டேன்" என்றாள்.

ஷைஜு இறங்கிப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தான். மைக் செத்தது. கீபோர்டும் செத்தது. மைதானம் திடீரென்று அமைதியாகிவிட, எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. சோனாவின் பெட்டிகளில் மட்டும் ஹால் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். இப்போது நிறுத்தினால் விழாவைக் கெடுத்தவள் என்ற பேர் அவளுக்குத்தான். ஜிபி ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து குச்சிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அடுத்த பாட்டின் பேஸை அவள் தனியாகத் தொடங்கினாள். அந்த எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பிறப்புப் பாட்டு. இரண்டு சுற்று அவள் மட்டும். மூன்றாவது சுற்றில் ஜிபி சேர்ந்துகொண்டான். முன்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தெடுக்கும் பெண்களில் யாரோ ஒருத்தி வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள். பிறகு அந்த வரிசை, அதற்குப் பின்வரிசை, கடைசியில் மைதானம் முழுக்க. அத்தனை குரல்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விடாமல் அந்த இரண்டு பெட்டிகள் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன. ரிஜின் செத்த மைக்கைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தான். அவனும் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினான். ஷைஜு வயர்களைச் சுருட்டினான். அவனை யாரும் கவனிக்கவில்லை. மீதிப் பாட்டுகள் அத்தனையும் அப்படியேதான் நடந்தன.

ஆனால் கமிட்டி அப்படி விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிறு பவுல்ராஜ் வீட்டுக்கே வந்தார்.

"ஊர் முன்னால மானம் போச்சுங்கான் ஷைஜு. ஒரு சாரி சொல்லிரும்மா. ஈஸ்டருக்கு நீயே வாசி, நான் பேசிக்கிடுதேன்."

"தப்புப் பண்ணியிருந்தா நானே போய்க் கேட்டிருப்பேன் மாமா. வாசிச்சதுக்குக் கேட்க மாட்டேன்."

"அப்போ பேண்டுல எடம் கிடையாதே."

"அது எனக்குத் தெரியும்."

தெரிந்திருந்தும் வலிக்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்து, கீபோர்டுக்காரன் இடதுகையால் ஒப்பேற்றும் பேஸைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ரிஜின் எதிரில் வந்தால் வேறு பக்கம் பார்த்தான். ஜிபி மட்டும் ஒருநாள், "நானும் வெளிய வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். வண்டிப்பெரியாறில் கிடார் வாசித்துப் பாடும் புஷ்பமேரியையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக வாசித்துப் பழகினார்கள்.

முதல் அழைப்பு ஏலப்பாறையில் ஒரு கல்யாண வரவேற்பு. சோனாவும் ஜிபியும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, மாப்பிள்ளையின் பெரியப்பா குறுக்கே வந்தார்.

"இவ்வளவு பெரிய பெட்டி எதுக்கும்மா? இங்க பெரியவங்கல்லாம் இருக்காங்க. கொஞ்சம் கொறச்சு வாசிக்கக் கூடாதா?"

சோனா பெட்டியை இறக்கி, அதன்மேல் அடுத்ததை நிறுத்தி, வயரை மாட்டினாள்.

"முதல்ல கேளுங்க பெரியப்பா" என்றாள். "நாங்க இன்னும் தொடங்கவே இல்லையே."