பிள்ளை பெற்றவர்களுக்கு இரண்டு வருடம்

பரிசு என் மனைவிக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தானே என்று கேட்பவர்களிடம் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே பற்றி எரிகிறது, வேறென்ன.

பண்பாட்டு வரலாற்றில் இளம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் பரிசு அது. முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நானும் என் மனைவி சண்முகப்பிரியாவும் ஒரே மேடையில் பட்டம் வாங்கியவர்கள். சேலத்துக் காபி கிளப்புகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை போன வருடம் கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதோடு என் ஐந்து வருடமும் முடிந்தது. அவளுக்கும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரண்டு வருடம் சலுகை உண்டாம். பிள்ளை எனக்கும்தான் பிறந்தது. நானும் தூளி ஆட்டியிருக்கிறேன். சரி, சில நாள்.

அவள் எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? சங்ககிரிக் குடும்பங்கள் புது லாரி வாங்கியதும் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்களைப் பற்றி. யார் நடுவில் நிற்கிறார்கள், யாரை ஓரத்தில் நிறுத்தினார்கள், மருமகள் எப்போது படத்துக்குள் வந்தாள், இப்படி. முதலில் படித்தபோது சிரித்தேன். மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. நல்ல கட்டுரை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஆனந்தகுமார் சார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊட்டுக்காரம்மாவுக்கு எழுதிக் குடுத்ததே நீங்கதானுங்களே" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாமனார் சின்னுசாமி மறுநாள் காலையிலேயே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டார்.

"எம்புள்ள ஜெயிச்சுப்போட்டாளுங்க மாப்பள. உங்களுக்கு எப்பங்க?"

"அடுத்த வருசம் பார்க்கலாமுங்க மாமா."

எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. அது அவருக்குத் தெரியாது, பிரியாவுக்குத் தெரியும். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காபி போடப் போய்விட்டாள். என்மேல் இரக்கப்படுகிறாளே என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

அவர் கிளம்பியதும் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ரெண்டு வருசம் சும்மா கெடச்சா யாரு வேணா ஜெயிக்கலாம்" என்றேன்.

பிரியா பாப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பரிசு வாங்க அப்பாவும் நானும் டெல்லி போறமுங்க. வர்ற வரைக்கும் பாப்பாவ நீங்கதான் பாத்துக்கோணும்."

"எனக்கு எழுத வேலை இருக்குது. கட்டுரை பாதியில நிக்குது."

"எழுதுங்க, யாரு வேண்டாங்கறாங்க? அவ தூங்கறப்ப எழுதுங்க" என்றாள். மடித்த சட்டைகளைத் தூக்கி என் கையில் வைத்தாள். "நான் அப்படித்தானுங்க எழுதுனேன்."