பெர்னதெத்தின் கையில் கடல்

1929ஆம் வருஷம் மே மாதக் கடைசியிலிருந்து, ஜோகுபாளையத்தில் பேக்கரி வைத்திருந்த டொமினிக்கின் மகள் பெர்னதெத்தின் வலது கையில் தினமும் இரண்டு தடவை கடல் ஏறி இறங்கியது. ஏறும்போது விரல் நுனிகளிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்து, ஏற்றம் உச்சிக்கு வருவதற்குள் ஒரு வாளியை நிரப்பிவிடும். சில நாள் கூடவே ஒரு சிப்பியோ, சங்குக்குள் குடியிருக்கும் நண்டோ வந்து விழும். வற்றிவிட்டால் கை எல்லோருடைய கையையும் போல உலர்ந்து, ரேகைகளில் கொஞ்சம் மணல் மட்டும் ஒட்டியிருக்கும். இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிற ஊரில் இது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்டார்கள். ஜோகுபாளையத்துக்காரர்கள் கேட்டதெல்லாம், அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாமா என்பதுதான்.

எல்லாம் அடுப்பால் வந்தது. ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு விரிசல் விட்டு, கொத்தனார் அதைப் புதிதாகக் கட்டிக் கொடுத்து, பூச்சு காயும்வரை தீ மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் கடையைப் பூட்டியறியாத டொமினிக், சும்மா உட்காரத் தெரியாமல், தாயில்லாத மகளைக் கூட்டிக்கொண்டு மதராஸுக்கு ரயிலேறி, சாந்தோமில் தங்கை வீட்டில் போய் இறங்கினார். பெங்களூர்க்காரர்கள் கடற்கரையில் செய்வதையெல்லாம் அப்பனும் மகளும் ஒன்று விடாமல் செய்தார்கள். காலைப் பனிக்கு ஆகும் என்று சால்வை போர்த்திக்கொண்டு போய் வேர்த்து விறுவிறுத்தார்கள். முதல் அலை பின்வாங்கியதும், குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறது என்கிற ஊர்ப் பழக்கத்தில் டொமினிக் அவசர அவசரமாக ஒரு செம்பில் பிடித்து வைத்துக்கொண்டார். கடல் மறுபடியும் வந்தபோது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று, கரையோரம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்த சின்ன மீன் காட்சிசாலைக்குப் போனார்கள். துறைமுகத்தில் கப்பலடியில் மூழ்கி வேலை செய்து ஓய்வு பெற்ற ஜெயராஜ் என்பவர் அதை நடத்திவந்தார். ஆளுக்கு ஓரணா. கண்ணாடிப் பெட்டி எதுவும் கிடையாது, இடுப்புயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டிகள் மட்டும்தான். அங்கே இருந்ததெல்லாம் பார்ப்பதற்கல்ல, தொடுவதற்கு. ஜெயராஜ் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “எதை வேணும்னாலும் தொடலாம்மா. ஆனா அது உங்க கையப் புடிச்சுச்சுன்னா, அது விடுற வரைக்கும் நீங்க எடுக்கக் கூடாது. அதான் மரியாதை.” பெர்னதெத் முதலில் கடல் அட்டையைத் தொட்டுச் சிரித்தாள். அப்புறம் அடியில் கிடந்த சிவப்பு நட்சத்திர மீனுக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்தாள். அது யோசித்து யோசித்து உள்ளங்கையில் ஏறி, கண்ணுக்கே தெரியாத ஆயிரம் குட்டிக் கால்களால் பிடித்துக்கொண்டது. பிசைந்த மாவைத் தவிர வேறெதுவும் அவள் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. அவளுக்கு இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நின்றாள். வெளியே ஜட்கா வண்டியோடு காத்திருந்த டொமினிக், “ரயிலு போயிடும், வாம்மா” என்று மூன்றாம் தடவையாகக் கத்தினார். பெர்னதெத் நட்சத்திர மீனைப் பிய்த்தெடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடினாள். ஜெயராஜ் தலையை மட்டும் ஆட்டினார். அரக்கோணத்தில் கை ஈரமானபோது அவள் வியர்வை என்று நினைத்தாள். ஜோலார்பேட்டை தாண்டியபோது மடியில் ஒரு சிப்பி இருந்தது.

டொமினிக்குக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாவு பிசையும் நேரத்தில் ஏற்றமாக இருந்தால் உப்புப் போட வேண்டியதில்லை. வற்றமாக இருந்தால் போட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் நாடெங்கும் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது, லைசென்ஸ் இல்லாமல் கடல் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு அதிகாரி வந்தார். கையைப் பார்த்தார், சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றார், நான்கு பன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் பெர்னதெத் வெட்கத்தில் குறுகிப்போயிருந்தாள். ஏற்ற நேரத்தில் கையை ஏப்ரனுக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். கோயிலில் சிலுவை அடையாளம் போட்டால் பக்கத்து பெஞ்சு வரைக்கும் நனைந்தது. சாமியார் தெளிக்க மறந்ததை இவள் தெளிக்கிறாள் என்று பின்னாலிருந்து யாராவது கிண்டல் செய்வார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் காப்பித் தம்ளரில் நண்டைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். அவள் அதற்குப் பிறகு கடைக்குப் பின்கட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்தப் பின்கட்டுக்கு அவளைத் தேடி வந்தவன் ஓஸ்வால்ட். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்தான். தினமும் ஒரே நேரத்தில் பன் வாங்குகிறவன், ஒரு நாள் உப்பு கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது என்று முறையிட வந்தான். ரயில்வேக்காரன் ஆகையால் சில வாரம் ருசித்துப் பார்த்துவிட்டு, “உப்பு தினமும் முக்கால் மணி நேரம் லேட்டா வருது” என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவன்தான். மதராஸுக்குத் தினமும் மூட்டை மூட்டையாக அனுப்புகிறவன், கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. பெர்னதெத் ஏப்ரனிலிருந்து கையை வெளியே எடுத்தாள். விரலிடுக்கிலிருந்து ஒரு நண்டு இறங்கி அவன் கைக்குப் போய், சட்டைக் கையை அளந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அவன் அசையவே இல்லை. “இவ்ளோ நாளா எங்க வெச்சிருந்தீங்க இத?” என்று மட்டும் கேட்டான். அன்று முதல் ஏற்ற நேரம் பார்த்துத்தான் பன் வாங்க வந்தான். டொமினிக் எல்லாவற்றையும் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்தார்.

முட்டுக்கட்டை ஓஸ்வால்டின் அம்மா பியாட்ரிஸ். நீலசந்திராவில் அந்த அம்மாள் கஞ்சி போட்டுத் தேய்த்த துணிக்குப் பெரிய பெயர். துரைமார் வீட்டுச் சட்டைகள் முதல் கோயில் பீடத்து விரிப்பு வரை அவர் கையால்தான் விறைத்து நின்றன. வீட்டுத் திரைச்சீலைகூடக் காற்றுக்கு வளையாது. வாழ்நாள் முழுக்க ஈரத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர், ஈரத்தை மருமகளாகக் கூட்டி வருவாரா? மகன் பிடிவாதமாக நின்றதால் பாதி இறங்கி வந்து, டொமினிக்கின் கடை வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: “பீடத்து முன்னாடி அந்தக் கை காஞ்சிருந்தா கட்டிக்கட்டும். ஒரு சொட்டு விழுந்துச்சு, நான் எழுந்து போயிடுவேன். நான் எழுந்துட்டா கல்யாணம் இல்ல.” அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது நீலசந்திராவில் எல்லோருக்கும் தெரியும். பெர்னதெத் சரி என்றாள். ஓஸ்வால்ட் அவளுக்கு வேண்டும்; அதற்காக ஒரு காலைப்பொழுது கையை உலர்த்தி வைத்துக்கொள்ள அவள் தயார். ஆனாலும் அன்று மாவு பிசையும்போது, தன்னில் பாதியைப் பின்கட்டில் பூட்டிவிட்டு மீதியைக் கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

காலை எட்டு மணிக்கு வற்றமாக இருக்கும் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த வீட்டு சேஷகிரி ஐயர் பஞ்சாங்கத்தோடு வந்தார். மைசூர் சமஸ்தானத்தில் கணக்கு இலாகாவில் இருந்தவர். முட்டை இல்லை என்று டொமினிக் தினமும் சத்தியம் செய்த பிறகே ரஸ்க் வாங்குவார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எட்டு மணிக்குக் கை பொங்குகிறது, அஷ்டமிக்கு அதே எட்டு மணிக்கு வற்றிக் கிடக்கிறது என்று திதியை வைத்துக் கணக்குப் போட்டு, கல்யாணம் கூடாத தவக்காலத்துக்கு முந்தைய அஷ்டமியைக் குறித்துக் கொடுத்தார். அஷ்டமியில் அல்சூர் முழுக்க எந்த இந்து வீட்டிலும் கல்யாணம் கிடையாது, ஆகவே பேண்டும் கோச்சு வண்டியும் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார். ஆனால் பஞ்சாங்கம் என்றதும் பங்குச் சாமியார் கையை விரித்துவிட்டார். நல்ல நாள் பார்ப்பது மூடநம்பிக்கை, அதற்குத் தன் கோயிலில் இடமில்லை என்றார். சேஷகிரி நிதானமாகப் பதில் சொன்னார்: “நல்ல நாள் யார் பார்த்தா ஃபாதர்? பஞ்சாங்கத்திலேயே சுத்தமா ஆகாத நாளாத் தேடிக் குடுத்திருக்கேன்.” கெட்ட நாள் பார்க்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருப்பதாகச் சாமியாருக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து நாளை உறுதி செய்தார்.

அஷ்டமி காலை எட்டு மணிக்கு, கணக்குப் பிசகாமல், பெர்னதெத்தின் கை வற்றிக் கிடந்தது. அத்தை மதராஸிலிருந்து வந்து ரேகைகளில் இருந்த மணலைத் தட்டி, பவுடர் பூசிவிட்டாள். முன் பெஞ்சில் பியாட்ரிஸ் விறைப்பான சேலையில், அதைவிட விறைப்பாக உட்கார்ந்து, தான் தேய்த்த பீடத்து விரிப்பையும் மருமகளாக வரப்போகிறவளின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசைக்கு முன்னே மணச்சடங்கு. வலது கைகளைச் சேர்த்துப் பிடிக்கும்படி சாமியார் சொன்னார். பெர்னதெத் நீட்டினாள். ஓஸ்வால்ட் பிடித்தான், பிடித்த கையைக் குனிந்து பார்த்தான், வார்த்தைப்பாடு சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

“கொஞ்சம் இருக்கலாமா சாமி?”

“எதுக்குப்பா?”

“தண்ணி வரட்டும்.”

பெர்னதெத் அவன் விரல்களை அழுத்தினாள். “வேணாங்க,” என்று உதடு அசையாமல் சொன்னாள், “உங்க அம்மா எழுந்து போயிடுவாங்க.” ஓஸ்வால்ட் அவளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்: “இது யாரோட கையோ மாதிரி இருக்கு. எனக்கு ஈரமாத்தான் பழக்கம்.” அவளுக்குப் பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்து கண் நிறைந்துவிட்டது. ஒன்றே முக்கால் வருஷமாக ஏப்ரனுக்குள் ஒளித்து வைத்திருந்ததை ஒருவன் பீடத்தின் முன்னால் நின்று வேண்டும் என்று கேட்கிறான். சாமியார் மதியத்துக்குள் பூசை தொடங்கினால் கோயில் சட்டப்படி சரிதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நற்கருணை வாங்க இருந்தவர்கள் விரதம் முறியாமல் வெறும் வயிற்றோடு ஜெபமாலை சொன்னார்கள். அவ்வளவு தயாராக இல்லாதவர்கள் வெளியே போய்க் கல்யாண பன் சாப்பிட்டார்கள். பேண்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஒன்பதரைக்கு மேல் உள்ளங்கைகளுக்கு நடுவே பிசுபிசுத்தது. பிறகு பவுடரைக் கரைத்துக்கொண்டு முதல் சொட்டு பீடத்துப் படியில் விழுந்தது. பியாட்ரிஸ் எழுந்தார். டொமினிக் கண்ணை மூடிக்கொண்டார். சொன்ன சொல் மாறாத அந்த அம்மாள் எழுந்தார், நடந்தார். வாசல் பக்கம் அல்ல, பீடத்துப் பக்கம். அவர் கண்ணில் பட்டது கல்யாணம் அல்ல, தண்ணீர் விரிப்பின் ஓரத்தை எட்டப்போவதுதான். தொங்கிக்கொண்டிருந்த ஓரத்தை மடித்து மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்குக்குப் பக்கத்தில் உப்புக் காற்று அடித்தது. அவரும் கடல் பார்க்காதவர்தான். மகனுடைய கையையும் அந்தப் பெண்ணின் கையையும் சேர்த்து அணைத்தபடி ஒரு சிவப்பு நட்சத்திர மீன் மெதுவாக ஏறிவந்து படுத்ததை அவர்தான் முதலில் பார்த்தார். விரிப்பை விடாமல் ஒரு விரலை நீட்டித் தொட்டார். “அய்யோ, கூசுது” என்றார். பிறகு, இரண்டு அங்குலம் நனைந்துபோன ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்து, “கஞ்சில உப்புப் போட்டா துணி நல்லா நிக்கும்” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அதற்கு மேல் சம்மதம் அவரிடமிருந்து எந்த ஜென்மத்திலும் வராது என்று தெரிந்த சாமியார் சட்டென்று எழுந்து சடங்கை முடித்தார்.

நட்சத்திர மீன் விடவில்லை. இந்தத் தடவை பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் இல்லை என்பதால் பெர்னதெத்தும் கையை எடுக்கவில்லை. மோதிரத்தை இடுக்கில் நுழைத்துப் போட்டார்கள். பூசை முழுவதும் இருவரும் சேர்ந்த கையோடு முழந்தாளில் இருந்தார்கள். கடைசி ஆசீர்வாதம் முடிந்தபோது அது ஒவ்வொரு காலாக விட்டு, பக்கத்தில் வைத்திருந்த வாளிக்குள் தானே இறங்கியது. ஓஸ்வால்ட் அதற்குப் பிறகும் விடவில்லை. மரியாதைக் கடன் தீர்ந்துவிட்டது, இனிமேல் கை காய்ந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டொமினிக் முன்யோசனையாக ஒரு மூட்டை உப்புக்கூட வாங்கிப் போட்டார். மறுநாள் காலை வழக்கம்போல முந்தின நாளைவிட முக்கால் மணி நேரம் பிந்தி ஏற்றம் வந்தது. பெர்னதெத் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு டொமினிக் மூட்டையைச் சேஷகிரி வீட்டுக்கு ஊறுகாய் போடக் கொடுத்துவிட்டார்.

பிறகு அவர்கள் மர்பி டவுனில் குடியேறினார்கள். முற்றத்துக் கல்தொட்டியில் கையை வைத்துப் பெர்னதெத் நிரப்பியதில் நண்டும் சிப்பியும் கடல் அட்டையும் பெருகின. மதராஸுக்கு டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் மே மாதத்தில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாள் தங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போய்வந்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். பியாட்ரிஸ் தொட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, பிடித்தது விடுவதற்கு முன்னால் கையை எடுக்கிறவர்களை அதட்டுவார். போகும்போது கஞ்சிக்கு ஒரு குடம் மொண்டுகொள்வார். ஓஸ்வால்ட் வேலை முடிந்து வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏற்றமாக இருந்தால் முதல் காரியமாக மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். நட்சத்திர மீன் வந்து ஏறும். சில நாள் அது விடுவதற்கு நேரமாகும், அதற்குள் சோறு ஆறிப்போகும். பெர்னதெத் இடது கையால் சோற்றை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவாள்.