சலவையறைப் பாட்டு

ஒரு பாட்டுப் பழக ஆறு வருடம் என்றால் யாராவது நம்புவார்களா? லக்ஷ்மணனைக் கேட்டால் அதுவே அவசரம் என்பார்.

சுவிஸ் நாட்டுச் சோலோதுர்னில் முதியோர் இல்லச் சமையலறையில் சட்டி கழுவுகிற இந்த மனிதருக்கு, அங்கே வானொலியில் போகும் அமெரிக்கக் கிராமியப் பாட்டுகளில் பைத்தியம். ஒரு கித்தார், ஒரு குரல், அவசரமே இல்லாத ஒரு கதை. அதே பாணியில் தமிழில் தானும் ஒன்று கட்டினார்: பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவன் தன் மனதுக்குச் சொல்லும் பொறுமைப் பாட்டு. கட்டியது ஒரே கிழமையில். வாசிக்கத்தான் விரல் வளையவில்லை. வீட்டுக்குள் பழகினால் அயலவர் முகம் கறுக்கும். ஆகவே குடியிருப்பில் எல்லோருக்கும் பொதுவான நிலவறைச் சலவையறைதான் கதி. அங்கே அவர்கள் வீட்டுக்கு முறை வருவது பதினைந்து நாளுக்கு ஒருதரம். உடுப்பு ஊத்தையாகாவிட்டால் தன் மனிசனுக்குத்தான் கவலை என்று மனைவி பரமேஸ்வரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்தக் கோடையில் குடியிருப்பு விருந்து வந்தது. முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் ஒருதரமாவது முழுதாகப் பாடிவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவருக்கு.

முதல் அடி தேனாகப் போனது. இரண்டாம் அடியில், வழக்கமாகத் தடுக்கும் அதே இடத்தில் விரல் தடுக்கியது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது என்று கித்தாரைக் கீழே வைக்கப் போனார்.

அப்போது முன்கதிரையிலிருந்து ஒரு நடுங்கும் குரல் தமிழில் பாடியது.

"அட, பிழைச்சுப்போச்சு... முதல்லயிருந்து வருவம்."

ஃப்ராவ் புர்க்கி! சலவையறைக்கு நேர்மேலே குடியிருக்கும் எண்பது வயது சுவிஸ் அம்மா. தமிழில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. தடுக்கும்போதெல்லாம் லக்ஷ்மணன் தனக்குள் அலுத்துக்கொண்டதை ஆறு வருடமாகத் தரை வழியே கேட்டு, அதுதான் பல்லவி என்று நினைத்திருக்கிறார், பாவம். ராகம் வேறு போட்டுவிட்டார்.

பரமேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லக்ஷ்மணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் தனியே மாரடிப்பதாக அல்லவா நினைத்திருந்தார்.

முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி தடுக்கியது. அம்மா பல்லவியைப் பிடிக்க, பக்கத்துக் கதிரைகளும் சேர்ந்துகொண்டன. நாலாம் தரம், அப்பாடா, ஒரு பிசகில்லாமல் பாட்டு முடிந்தது. முற்றம் கைதட்டியது.

ஃப்ராவ் புர்க்கியின் முகம் மட்டும் வாடியிருந்தது. அந்த நல்ல இடத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்.

லக்ஷ்மணன் கித்தாரை மறுபடி மடியில் வைத்தார். இரண்டாம் அடி வந்ததும் வேண்டுமென்றே தடுக்கினார்.