பேத்தைக்குப் பல் வெட்டிய நாள்

சந்தனமேரியின் வீடு அவள் வளர்க்கும் பேத்தை மீனின் அளவை ஒட்டியே இருக்கும். மீன் கொழுத்தால் வீடு அகலும், மெலிந்தால் ஒடுங்கும். தூத்துக்குடியில் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். பக்கத்து வீட்டு உலகம்மாள் விலாங்கு வைத்திருந்தாள்; அவள் வீடு நீளமாகவும் கொஞ்சம் வழுக்கலாகவும் இருக்கும். பேத்தை வளர்ப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேத்தை பயந்து தண்ணீரை விழுங்கி உப்பினால் வீடும் உப்பும். தண்ணீருக்கு வெளியே பயந்து காற்றை விழுங்கிவிட்டால் வீடு மிதக்கும். போன மழைக்காலத்தில் ஒரு வீடு அப்படிக் கிளம்பி உப்பளத்துப் பக்கம் போய் இறங்கியது. அந்தக் குடும்பம் இப்போது அங்கிருந்துதான் வேலைக்குப் போய்வருகிறது.

மேரியின் மீனுக்குத் துரை என்று பெயர். துரை சில நாட்களாகச் சாப்பிடவில்லை. பற்கள் வளர்ந்து, கிளிமூக்கு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாயைத் திறக்க வழியில்லாமல் போய்விட்டது. துரை மெலிய மெலிய வீடு ஒடுங்கியது. கூடத்தில் பீரோவும் கட்டிலும் ஒட்டிக்கொண்டன. அதைக்கூட மேரி பொறுத்துக்கொண்டாள். ஆனால் முதலில் மூடிக்கொள்ளப் பார்த்தது மகள் ஜெசிந்தாவின் அறை. காலையில் அதன் கதவு அலமாரிக் கதவு அளவுக்கு வந்திருந்தது. ஜெசிந்தா தலைப்பிரசவத்துக்குத் திருப்பூரில் பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் வந்துவிடுவாள்.

அறை ஒருமுறை முழுதாக மூடிக்கொண்டால், பிறகு மீன் தேறினாலும் திரும்பாது. தெருக்கோடி வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மாமனாருக்கு இன்றைக்கும் அந்தச் சுவரோரம் காபி வைக்கிறார்கள். டம்ளர் காலியாகிவிடுகிறது. சர்க்கரை போதாதபோது மட்டும் சுவரைத் தட்டுவாராம். அதை நினைத்ததும் மேரி போய் ஜெசிந்தாவின் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.

“உரிச்சு உரிச்சு ஊட்டுனா பல்லு வளராம என்னக்கா செய்யும்?” என்றாள் உலகம்மாள், கொல்லை மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து. “மட்டிச் சிப்பியை ஓட்டோட போட்டிருந்தா கடிச்சுக் கடிச்சுத் தானா தேஞ்சிருக்கும்லா?”

வாஸ்தவம்தான். துரைக்கு வலிக்குமே என்று மேரி இறாலை உரித்து, குடலை எடுத்து, பொடியாக நறுக்கித்தான் போடுவாள். மகளையும் அப்படித்தான் வளர்த்தாள். கல்யாணம் ஆகும்வரை ஜெசிந்தாவுக்கு மீனில் முள் இருக்கும் என்பதே தெரியாது. செல்லம் கொடுக்கிறவர் ஒருவர், பாடு படுகிறவர் இன்னொருவர். உலக வழக்கம்.

உலகம்மாளே வழியும் சொன்னாள். தொட்டித் தண்ணீரையே ஒரு பேசினில் எடுத்துக்கொண்டு, கிராம்பு எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டைத் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதில் கலக்க வேண்டும். மீன் மயங்கிச் சாய்ந்ததும் ஈரத்துணியால் பிடித்து, வாய் தண்ணீரைவிட்டு வெளியே வராமல், பல்லின் நுனியை மட்டும் நகவெட்டியால் துளித்துளியாக நறுக்க வேண்டும். சதையில் படக் கூடாது. முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

“எல்லாத்தையும்விட முக்கியம், பிடிக்கிற ஆளு பயப்படக் கூடாது. கை வழியா அதுக்கு இறங்கிரும்.”

“அப்ப நான் எப்பிடிப் பிடிக்கது?” என்றாள் மேரி.

அவள் கேட்டது நியாயம். வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் பயந்தால் போதும் என்பது அவளுடைய நிச்சயதார்த்தத்திலேயே பெரியவர்கள் பேசி முடித்தது. பயம் பெண்ணுடைய பொறுப்பு என்று வெற்றிலை மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு வேண்டிய பயம் அத்தனையையும் மேரிதான் பட்டாள். கேஸ் சிலிண்டர், புயல் எச்சரிக்கை, மகளின் பரீட்சை, மகளின் கல்யாணம் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கணவர் பர்னபாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூட பயந்ததில்லை, படுத்தால் குறட்டைதான். அவரையே பல் வெட்டச் சொல்லலாம் என்றால், விரல் ஒவ்வொன்றும் நாட்டு வாழைப்பழம். அதற்குள் நகவெட்டியைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே மேரியே உட்கார்ந்தாள். துரை கிராம்புத் தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் சாய்ந்தான்.

“பதறாத காரியம் சிதறாதுட்டி,” என்றார் பர்னபாஸ்.

அவள் ஈரத்துணியில் மீனைப் பிடித்தாள். பிடித்த அந்தக் கணத்தில், பஸ் கோவில்பட்டியைத் தாண்டியிருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். மயக்கத்திலேயே துரை பந்தாக உப்பினான். வீடும் உப்பியது. கூடத்துச் சுவர் நகர்ந்து போய், பக்கத்து வீட்டு அடுப்படி இந்தப் பக்கம் வந்தது. உலகம்மாள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“மேரிக்கா, என் கண்ணாப்பை உங்க காலடியில கிடக்கு. எடுத்துத் தாங்க, கருகுது.”

மேரி எடுத்துக் கொடுத்தாள். துரையைத் தொட்டியில் விட்டதும் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்கினான். அடுப்படி திரும்பிப் போயிற்று. உப்பி அடங்கிய களைப்பில் மீன் முன்னைவிட மெலிந்திருந்தது. ஜெசிந்தாவின் கதவு இப்போது பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான். மேரி குனிந்து உள்ளே பார்த்தாள். மகளின் கட்டில் சோப்புப் பெட்டி மாதிரி தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“எனக்குப் பயமா இருக்குங்க,” என்றாள். “எங்கிட்ட இது இருக்க மட்டும் இந்தக் கதவு தொறக்காது. கொஞ்ச நேரம் நீங்க வாங்கிக்கிடுங்களேன்.”

பர்னபாஸ் தலையைச் சொறிந்தார். “எனக்குப் பழக்கமில்லையேட்டி.”

“பஸ்ஸை நெனைங்க. டிரைவர் நேத்து தூங்குனானான்னு நெனைங்க. பிள்ளை வயித்துக்குள்ள தலை திரும்பியிருக்கான்னு நெனைங்க. அதுக்கு மேல தானா வரும்.”

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூன்றாவதைச் சொல்லும்போது முகம் மாறியது. பயத்தோடு மீன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதால், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டியது போலிருந்தது மேரிக்கு. பஸ் எங்கே வருகிறது என்ற நினைப்பு வாசலோடு நின்றுவிட்டது.

துரை மறுபடி சாய்ந்தான். அவள் மேல்பல்லில் ஒரு வெட்டு, கீழ்ப்பல்லில் ஒரு வெட்டு என்று ஆற அமர நறுக்கினாள். பல்துண்டுகள் நொய்யரிசி மாதிரி பேசினுக்கு அடியில் இறங்கின. வாய் திறந்தது. நல்ல தண்ணீருக்கு மாறியதும் துரை செவுள் அடித்துக்கொண்டு நிமிர்ந்தான். சற்றுப் பொறுத்து அவள் ஒரு மட்டியை ஓட்டோடு போட்டாள். மடக்கென்று கடிபடும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் வளர்ந்தது. இன்னொரு மட்டி போட்டாள். மட்டி தீர்வதற்குள் கட்டில், மின்விசிறி, ஜன்னல் எல்லாம் பழைய அளவுக்கு வந்துவிட்டன. மேரி உள்ளே போய் மெத்தையைத் தட்டி விரித்தாள்.

சொல்லலாம் என்று வாசலுக்கு வந்தால் நாற்காலி காலியாக இருந்தது. பர்னபாஸ் அதற்கு மேலே, மாடி உயரத்தில், உருண்டையாக மிதந்துகொண்டிருந்தார். ஒரு வாரத்துத் தாடி வெள்ளை முள்ளாக நான்கு பக்கமும் குத்திட்டு நின்றது. வெளியே பயந்தவருக்கு விழுங்கக் காற்றைத் தவிர வேறென்ன கிடைக்கும்? அவர் இடுப்பிலிருந்து ஒரு கொடிக்கயிறு இறங்கி வாசல் கேட்டில் முடிந்திருந்தது.

“அண்ணாச்சி கடற்கரைப் பக்கமா கெளம்பிட்டாங்க. நான்தான் பிடிச்சுக் கட்டுனேன்,” என்றாள் உலகம்மாள்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஜெசிந்தா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“யப்பா, நான் வந்துட்டேன். எறங்குங்க.”

“நீ வெயில்ல நிக்காத. உள்ள போம்மா, பாத்துப் போ, படி இருக்கு,” என்றார் மேலேயிருந்து.

ஜெசிந்தா உள்ளே போனதும் மேரி கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தாள். “பல்லு வெட்டியாச்சு. போதும், குடுங்க. நான் வாங்கிக்கிடுதேன்.”

பர்னபாஸ் தலையாட்டி மறுத்தார். உடம்பு முழுக்கச் சேர்ந்து ஆடியது.

“இதையாட்டி இத்தன வருஷமா வச்சிருந்த?” என்றார்.

மேரி இழுத்த கயிற்றை மெல்ல விட்டுக்கொடுத்தாள்.

“பேறு நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்.”

அவள் ஒரு குடையைத் துறட்டியில் மாட்டி மேலே நீட்டினாள். அவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். கயிற்றை கேட்டிலிருந்து அவிழ்த்து, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துத் தன் கட்டில் காலில் கட்டி, இன்னொரு முடிச்சும் போட்டாள். மகள் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் படுத்திருந்தாள். தொட்டியில் துரை ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மேல்சுவரில் பர்னபாஸ் காற்றுக்கு வந்து வந்து முட்டித் திரும்பும் சத்தம் கேட்டது. மேரி காலை நீட்டிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைவிட ஆரம்பித்தாள்.