தெருவைப் பெருக்கித் தீர்த்தவர்கள்

ஒன்பதாவது சீரமைப்பு நாள் முடிந்தபோது, தையல்காரியின் வீட்டுக்கும் எதிரே இருந்த அவள் அக்காவின் வீட்டுக்கும் நடுவே தெரு ஒன்றேகால் அடி அகலம் இருந்தது. முதல் ஆண்டு அது இருபத்திரண்டு அடி. நிலம் நடுங்கவில்லை, சுவர் விரியவில்லை, அலமாரியில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பவில்லை. பெருக்கியதுதான் காரணம்.

ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் விசில் ஊதுவார். மருந்துக்கடை வைத்திருந்தாலும் அவருக்கு விசில்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்தவர்கள் துடைப்பமோ மண்வெட்டியோ வாங்கிக்கொள்வார்கள். அவரவர் வாசலிலிருந்து நடுத்தெரு வரை பெருக்க வேண்டும் என்பது விதி. முதல் சீரமைப்பு நாளுக்கு முந்தைய ஆண்டுதான் அக்கா தன் மகனின் பள்ளிச் சீருடையை வேறொரு கடையில் தைக்கக் கொடுத்திருந்தாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அக்காவின் பாதியையும் சேர்த்துப் பெருக்கிவிட்டால் அவள் மானம் போகும் என்று தங்கை கணக்குப் போட்டாள். அக்காவும் அதே கணக்கைப் போட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா. இருமுறை பெருக்கப்பட்ட தரை குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. நகராட்சிப் பொறியாளர் அளந்து பார்த்து, டேப் நைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்.

நான்காம் ஆண்டு லாரி நுழையவில்லை. ஆறாம் ஆண்டு கார். எட்டாம் ஆண்டு விரித்த குடை. அக்கா வீட்டுக் கெட்டிலின் ஆவி தங்கையின் ஜன்னல் வழியே வந்து, தைத்துக்கொண்டிருந்த துணியின் மேல் மெல்லப் படிந்தது. காற்றடித்தால் இரண்டு வீட்டுத் திரைச்சீலைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, யாருடையது எது என்று தெரியாமல் நின்றன. அக்கா இரவில் எத்தனை முறை இருமினாள் என்பது தங்கைக்குத் தெரியும். மிஷின் ஓசை நின்றால் அக்கா வீட்டில் விளக்கு அணையும். எந்த ஆண்டிலிருந்து வீம்புக்காகப் பெருக்காமல் அந்த ஓசைகளுக்காகப் பெருக்கத் தொடங்கினோம் என்பதை மட்டும் தங்கையால் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் ஆண்டு விசில்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பெருக்கினா எங்களுக்குத் தெருவே மிஞ்சாதும்மா. செடி நடுற பக்கம் வாங்களேன்."

"செடி தானா வளரும். துடைப்பத்தைக் குடுங்க," என்றாள் தையல்காரி.

மறுவாரம், வேறு ஊரில் வேலை பார்த்த அக்காவின் மகன் அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போக ஆள் அனுப்பினான். வீட்டை விற்பதாகப் பேச்சு. தங்கை அதை ஜன்னல் வழியாகவே கேட்டாள். அன்று முழுக்க அவள் ஒரே சட்டைக் கையைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள்.

பாத்திரமும் மெத்தையும் பக்கவாட்டில் நடந்து வெளியேறின. இரும்பு பீரோ மட்டும் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவில் முட்டி நின்றது. அக்கா வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. தங்கை வீட்டுக்குள் நுழைத்து, அவளுடைய பின்வாசல் வழியாக லாரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்றார் சுமை தூக்குகிறவர்களின் மேஸ்திரி. யாராவது அந்தம்மாவிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

தங்கையே கதவைத் திறந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து பீரோவை அளந்தாள், பிறகு தன் பின்வாசலை அளந்தாள். நிதானமாகத் திரும்பி வந்தாள்.

"பீரோ போகாதுக்கா. ஒரு இஞ்ச் இடிக்கும்."

பத்து ஆண்டுகளில் முதல் பேச்சு அது. அக்கா அந்த அகன்ற பின்வாசலைப் பார்த்தாள். அதன் வழியே லாரியின் முழு முதுகும் தெரிந்தது. ஓட்டுநர் அதில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவ அளந்துட்டா இல்ல," என்றாள் அக்கா. "பீரோவை உள்ள வைங்கப்பா. மெத்தையையும்."

பத்தாவது சீரமைப்பு நாளில் இருவரும் பெயர் கொடுத்தார்கள். ஏழரை மணிக்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது அந்தத் தெரு மருந்துக்கடையிலிருந்து தொடங்கி அக்கா தங்கை வீட்டில் முடிகிறது. வீட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. தபால்காரர் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். நான்கு நிமிடம் கூடுதலாகிறது என்கிறார்.