நடைவழியில் நேராக ஓடிய விமானம்

மூன்றாவது முறையும் விமானம் வலப்பக்கம் ஒதுங்கி, புல்லுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

"மேல ஏறுறதுக்கு முன்னாடியே கோவிச்சுக்கிட்டுப் போகுதே அண்ணி. அப்படியே எங்கண்ணன்தான்," என்றான் கொழுந்தன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவர் இறந்த பிறகு அவரைக் கேலி பேசும் ஒரே ஆள் இவன்தான்.

அவர் நோயில் படுத்திருந்தபோது செய்த சின்ன ரிமோட் விமானம் அது. ஒருமுறை சக்கர நாற்காலியில் இந்த மைதானத்துக்கு வந்து ஓட்டிப் பார்த்தார். இதேபோல் புல்லில் போய் விழுந்தது. "விமானம் நல்லாத்தான் இருக்கு. என் கைதான் போயிடுச்சு," என்றார். பிறகு ரிமோட்டைத் தொடவே இல்லை. இன்றும் கிளம்பாவிட்டால் மோட்டாரைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பறப்பதுகூட அவளுக்கு அப்புறம்தான். பிசகு அவர் கையிலா, விமானத்திலா? அது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கொழுந்தன் பஸ் ஓட்டுகிறவன். சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தான். "மூக்குல இருக்கிற காத்தாடி சுத்துற வேகத்துக்கு இது இடதுபக்கம்ல இழுக்கணும்? எதுக்கு வலதுபக்கம் ஓடுது? பஸ்ஸுன்னா டயர்ல காத்து இல்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன்."

"வீட்ல நேராத்தான் போச்சு தம்பி. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப வீட்லயே பறக்க விட்ருவோம்!"

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அவள் விமானத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

படுக்கையறை வாசலில் அதை வைத்து லேசாகத் தள்ளினாள். நூல் பிடித்தாற்போல் நடைவழி முழுக்க ஓடி, தெருக்கதவருகே நின்றிருந்த கொழுந்தனின் காலைத் தொட்டது.

"அட, வீட்ல சாது, வெளியில ரவுடி!" என்றவன், குனிந்து அதை அவள் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டான்.

பாதித் தூரம்கூட வரவில்லை. வலப்பக்கம் வளைந்து குளியலறைக் கதவில் முட்டியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி தள்ளினான். மறுபடியும் அதே கதவு.

அவள் தரையைப் பார்த்தாள். துடைக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினாள். அது தயங்காமல் குளியலறையை நோக்கிப் போயிற்று.

"தரை சாயுது தம்பி. அது தெரியாம, இங்க நேரா ஓடணும்னு உங்கண்ணன் முன்சக்கரத்தை எதிர்ப்பக்கமாத் திருப்பி வச்சிருக்கார். மைதானத்துல சாய்வு இல்ல. அதான் வலதுபக்கம் இழுக்குது."

"சரி, திரும்பி வரும்போதே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அவள் படுக்கையறைக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் தள்ளுவார். கதவருகே போய் நின்றதும் அவள் நடந்து போவாள். கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்து அவர் காலடியில் வைப்பாள். அவர் முன்சக்கரத்தின் திருகாணியைக் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி தள்ளுவார்.

"திரும்பி உருண்டதே இல்லப்பா. நான்தான் தூக்கிட்டு வருவேன்."

"செல்லம் குடுத்துக் கெடுத்தது நீங்கதானா!" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கை ஒண்ணும் போகல அண்ணி."

"போகல," என்றாள்.

மட்டம் பார்க்கச் சாப்பாட்டு மேசையில் ஒரு பேனாவை வைத்தார்கள். எந்தப் பக்கம் வைத்தும் அது உருளவில்லை. அந்த மேசை மேலேயே திருகாணியைத் தளர்த்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து முன்சக்கரத்தை நேராக்கினார்கள்.

மாலையில் மைதானத்தில் காற்று அடங்கியிருந்தது. கொழுந்தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். விமானம் புல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்சக்கரம் தரையை விட்டது. அடுத்து மற்ற இரண்டும். மரங்களுக்கு மேலே அது வளைந்தபோது அடிப்பக்கம் அவர் பூசிய மஞ்சள் தெரிந்தது. தரையில் நிற்கும்போது கண்ணில் படாத நிறம்.

ஒரு சுற்று வந்து இறங்கி, தொலைவில் போய் நின்றது. அவள் கால் தன்னால் கிளம்பியது.

"நில்லுங்க அண்ணி. தூக்காதீங்க."

விமானம் மெல்லத் திரும்பி, கடகடவென்று அவளை நோக்கி உருண்டு வந்தது.